வாயில்லாப் பதுமையும் வாய் திறந்த யாழும்

பாரிஸ் பட்டணத்திலே, 1905ஆம் ஆண்டு, சிறுமியர் படிப்பதற்கென்று ஒரு வார ஏடு தொடங்கினார்கள். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கான ஏடு. அதிலே ஒரு படக்கதை. கதாநாயகியின் பெயர் பெக்காசீன். பச்சை அங்கி, வெள்ளைக் குல்லாய், உருண்டை முகம். பிறந்த மண் பிரெத்தாஞ். பார்க்கும் வேலை, சீமாட்டி வீட்டிலே எடுபிடி வேலை. நல்லவள், நம்பத் தகுந்தவள், எஜமானியம்மாளிடம் உயிரையே வைத்திருப்பவள். ஆனால், எதைச் சொன்னாலும் தப்பாகவே புரிந்துகொள்ளும் அப்பாவி. அவள் தடுமாறுவதைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அந்தப் படத்தைச் சற்றே உற்றுப் பார்க்கவேண்டும், தோழர்களே! கண் என்று இரண்டு புள்ளிகள் உண்டு. மூக்கு என்று ஒரு சிறு வளைவு உண்டு. வாய்? வாய் இல்லை! பெரும்பாலான படங்களிலே அவளுக்கு வாய் வரையவே இல்லை.

வேண்டுமென்றே விட்டார்களா, ஓவியரின் பாணியே அதுதானா என்று ஆராய்ச்சி நடத்த நாம் வரவில்லை. துடைக்கக் கை வேண்டும். ஓடக் கால் வேண்டும். ஏவினால் கேட்கக் காது வேண்டும். வேலைக்காரிக்கு வாய் எதற்கு? ஓர் இனத்தைப் பற்றி மாளிகைவாசிகளின் மனத்திலே இருந்த சித்திரம், அறிந்தோ அறியாமலோ, அந்த ஏட்டிலே அப்படியே பதிந்துவிட்டது.

அந்த வாயில்லாப் பதுமையின் இனத்தைச் சேர்ந்த ஒருவர், 67 ஆண்டுகள் கழித்து, அதே பாரிஸ் பட்டணத்திலே, அந்த நாட்டின் பேர்பெற்ற மேடை ஒன்றிலே ஏறினார். கையிலே யாழ். வாயிலே, எந்த மொழியைப் பேசக் கூடாது என்று அவர் முன்னோரை அடித்தார்களோ அந்த மொழி. அவர் பெயர் ஆலன் ஸ்டிவெல். அவர் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம். பாட்டாலே ஒரு மொழிக்கு என்ன செய்யமுடியும் என்பதும், பாட்டு மட்டும் போதுமா என்பதும் அந்தக் கதைக்குள்ளே இருக்கின்றன.

கழுத்திலே தொங்கிய மரச்செருப்பு

பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியிலே, அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பிரெத்தாஞ். மீனவரும் உழவரும் வாழும் மண். ஒரு காலத்திலே தனிச் சிற்றரசு. 1532இலே பிரெஞ்சு முடியோடு இணைக்கப்பட்டது. அங்கே பேசப்பட்ட பிரெத்தோன் மொழி, பிரெஞ்சு மொழியின் கொச்சை அல்ல, கிளையும் அல்ல. வேரே வேறு. பிரிட்டன் தீவிலே இருக்கும் வேல்ஸ், கார்ன்வால் ஆகிய பகுதிகளின் மொழிகளுக்கு உடன்பிறந்தது அது. 1,400 ஆண்டுகளுக்கும் முன்னாலே கடல் கடந்து வந்து குடியேறிய மக்களோடு வந்த கெல்திய மொழி.

1789இலே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கம் உலகையே உலுக்கியது. அடிமைப்பட்டோர் அனைவரும் நிமிர்ந்து பார்த்த புரட்சி அது. அதன் பெருமையை நாம் குறைக்கமாட்டோம். ஆனால் 1794இலே அதே புரட்சிச் சபையில் பாரேர் என்பவர் எழுந்து, பிரெத்தோன் மொழி மூடநம்பிக்கையின் மொழி, பிரிவினையின் மொழி என்று சாடினார். கிரெகுவார் பாதிரியார் வட்டார மொழிகளை ஒழித்துக்கட்டவேண்டிய அவசியம் குறித்து அறிக்கையே படித்தார். மன்னனின் தலையை வாங்கிய புரட்சி, மக்களின் நாக்கையும் கேட்டது!

சட்டம் பட்டணத்திலே இயற்றப்பட்டாலும், அடி விழுந்தது கிராமத்துப் பள்ளிக்கூடத்திலே. எப்படி? கேளுங்கள்.

வீட்டிலே அம்மாவிடம் பேசிய மொழியை, வகுப்பிலே வாய்தவறிப் பேசிவிட்டான் ஒரு சிறுவன். உபாத்தியாயர் கூப்பிடுகிறார். தேய்ந்துபோன மரச்செருப்பு ஒன்றையோ, ஒரு கட்டையையோ கயிற்றிலே கோத்து அவன் கழுத்திலே மாட்டுகிறார். 'அடையாளம்' என்று அதற்குப் பெயர். அதிலிருந்து அவன் தப்ப ஒரே வழிதான் உண்டு. இன்னொரு பையன் பிரெத்தோன் பேசும்போது பிடித்துக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் செருப்பு அவன் கழுத்துக்கு மாறும். மாலையிலே மணி அடிக்கும்போது யார் கழுத்திலே செருப்பு இருக்கிறதோ, அவனுக்குத் தண்டனை.

பிரம்படி கூட மறந்துபோகும், தோழர்களே. ஆனால், தன் மொழியைப் பேசிய தோழனைத் தானே காட்டிக்கொடுத்தேன் என்ற கூச்சம் மறக்குமா? பிள்ளையைப் பிள்ளைக்கே ஒற்றனாக்கிய ஏற்பாடு அது. அந்தப் பிள்ளை வளர்ந்து தகப்பனானான். தன் பிள்ளை கழுத்திலே செருப்பு தொங்கவேண்டாம் என்று எண்ணினான். பிழைப்புக்காகப் பாரிசுக்கு ரயிலேறி, மோன்பர்னாஸ் நிலையத்திலே இறங்கி, மண்வெட்டி பிடித்து, கட்டடங்களிலே கல் சுமந்தவன் அவன். அவன் தங்கையோ சீமான் வீட்டு அடுப்பங்கரையிலே. நம் மொழி சோறு போடாது, நம் மொழி ஏளனத்தைத்தான் வாங்கித் தரும் என்று அவர்களுக்குப் பட்டது. இரண்டாம் உலகயுத்தம் முடிந்த பிறகு, வீட்டுக்கு வீடு தாய்மார் தங்கள் குழந்தைகளோடு தங்களுக்கே சரியாக வராத பிரெஞ்சு மொழியிலே பேசத் தொடங்கினார்கள்.

சர்க்கார் 150 ஆண்டுகள் அடித்தும் சாகாத மொழி, வெட்கத்தாலே சாகத் தொடங்கியது.

இன்னொரு இடியும் அப்போது விழுந்தது. யுத்தகாலத்திலே பிரெத்தாஞ் தனிநாட்டு இயக்கத்தாரிலே ஒரு பிரிவினர், ஆக்கிரமித்த நாஜிப் படையோடு கைகோத்தனர். மன்னிக்கமுடியாத குற்றம். குற்றம் செய்தவர் சிலர். பழியோ மொழியின் மேலேயே விழுந்தது. பிரெத்தோன் என்று வாய் திறந்தாலே சந்தேகத்தோடு பார்த்த காலம் அது.

எதிர்க்கரையிலே நடந்தது

வெட்கமும் வறுமையும் கூடினால் ஒரு மொழிக்கு என்ன ஆகும் என்பதற்கு எதிர்க்கரையிலேயே சாட்சி இருந்தது. கடலுக்கு அப்பால் கார்ன்வால். வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளரும் மீனவரும் வாழும் பகுதி. அவர்களுடைய கார்னிஷ் மொழி, பிரெத்தோனுக்கு மிக நெருங்கிய உடன்பிறப்பு. 1549இலே ஆங்கிலத்திலேதான் வழிபடவேண்டும் என்று லண்டன் கட்டளையிட்டபோது, எங்களிலே சிலருக்கு ஆங்கிலமே தெரியாது என்று சொல்லிக் கார்ன்வால் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். வேல்ஸ் மொழிக்கு 1588இலே முழு விவிலியம் கிடைத்தது. அது அந்த மொழியைத் தாங்கிப் பிடித்தது. கார்னிஷ் மொழிக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1777இலே மவுசல் என்ற கடலோர ஊரிலே டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரக் கிழவி கண்ணை மூடினாள். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர்களிலே கடைசி ஆள் என்று அவளைத்தான் சொல்வது வழக்கம்.

பிற்பாடு, 1904இலே ஹென்றி ஜென்னர் என்பவர் ஒரு கைநூல் எழுதி, ஏட்டிலே கிடந்த மொழிக்கு மறுபடி மூச்சுக் கொடுக்கத் தொடங்கினார். இன்று அங்கே பாட்டு உண்டு, வகுப்பு உண்டு, ஆர்வம் உண்டு. ஆனாலும் 2021 குடிக்கணக்கிலே அதைத் தன் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் 600 பேரைக்கூட எட்டவில்லை. ஒருமுறை கைநழுவ விட்டால் மீட்பது எவ்வளவு பாடு, பாருங்கள்!

தகப்பனார் இழைத்த யாழ்

இந்த நிலையிலேதான் பாரிசிலே ஒரு குடும்பம். தகப்பனார் பெயர் ஜோர்ட் கோஷ்வெலூ. நிதி அமைச்சகத்திலே மொழிபெயர்ப்பாளர். பூர்வீகம் பிரெத்தாஞ் நடுப்பகுதியிலே கூரென் வட்டாரம். கைவேலையிலும் இசையிலும் கெட்டிக்காரர். அவருக்கு ஒரு கனவு. இடைக்காலத்திலே பிரெத்தாஞ் அரண்மனைகளிலே ஒலித்து, பிறகு நூற்றாண்டுக் கணக்கிலே ஓய்ந்தே போய்விட்ட கெல்திய யாழை மறுபடி செய்து பார்க்கவேண்டும் என்பதே அந்தக் கனவு.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பார்த்துச் செய்ய அந்த மண்ணிலே பழைய யாழ் இல்லை. பழஞ்சிற்பங்களையும், அயர்லாந்திலே மிஞ்சியிருந்த யாழையும் ஆராய்ந்து, தாமே வரைபடம் போட்டு, தம் வீட்டிலேயே மரத்தை இழைத்தார். 9 வயது மகன் ஆலன் பக்கத்திலே நின்று, ஒவ்வொரு துண்டு மரமும் உருவம் பெறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பிறந்தது 1944 ஜனவரி 6இலே, யுத்தத்தின் நடுவே, பிரெத்தாஞ்சுக்கு வெகு தொலைவிலே உள்ள ரியோம் என்ற ஊரிலே. வளர்ந்தது பாரிசிலே. பியானோ பழகிக்கொண்டிருந்த பையன். 1953இலே அந்த யாழுக்கு நரம்பு பூட்டியதும், அதன்மேல் விரல் வைத்தான். அன்றிலிருந்து அவன் வாழ்வு அதுதான்.

டெனிஸ் மெஜ்வான் என்ற யாழ்க்கலைஞர் அவனுக்கு ஆசிரியையாக வாய்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பையன் பாரிசிலே மேடையேறிவிட்டான். மகன் வாசித்தான், தகப்பனார் மேலும் மேலும் யாழ்களைச் செய்தார். பட்டறை முதலாளியும் இல்லை, பல்கலைக்கழக மானியமும் இல்லை. சம்பளத்துக்கு உழைத்த ஒரு மனிதர், ஓய்வுநேரத்திலே, தம் கையாலே, ஒரு நாட்டின் தொலைந்துபோன இசைக்கருவியைத் திருப்பிக் கொடுத்தார்!

ஊற்று

யாழ் வந்தது, மொழி? அது ஆலனுக்குத் தாய்மடியிலே கிடைத்ததல்ல. தேடிக் கற்றது. புத்தகம் தேடி, பெரியவர்களைத் தேடி, விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பாட்டுக்காரர்களின் வாயைப் பார்த்துக் கற்றது. பாரிசிலே வாழ்ந்த பிரெத்தோன் இளைஞர்களின் ப்ளெய்மோர் வாத்தியக் குழுவிலே சேர்ந்து, தோற்பை ஊதுகுழலையும், பொம்பார்ட் என்ற நாயனம் போன்ற கருவியையும் ஊதினார். பட்டணத்திலே பிழைக்கப்போன கூலிக்காரர்களின் பிள்ளைகள் மாலைநேரத்திலே கூடி நடத்திய குழு அது. புலம்பெயர்ந்த இடத்திலேதான் பிறந்த மண்ணின் வாசம் அதிகம் தெரியும் போலும்!

கோஷ்வெலூ என்ற குடும்பப் பெயரின் அடியிலே பழைய ஊற்றுக்கள் என்ற பொருள் இருப்பதாக அறிந்தார். ஸ்டிவெல் என்றால் பொங்கிவரும் ஊற்று. அதையே பெயராக்கிக்கொண்டார். 1960க்குப் பிந்திய ஆண்டுகளிலே, வாசிப்பதோடு நிற்காமல் பாடவும் தொடங்கினார். 1970இலே ஓர் இசைத்தட்டு. 1971இலே இன்னொன்று, கெல்திய யாழின் மறுமலர்ச்சி என்று பொருள்படும் தலைப்பு. உலோக நரம்புகளின் மணியோசையும், பின்னணியிலே கடலலையும், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரெத்தாஞ் மெட்டுக்களும் கலந்து வந்த அந்த இசைத்தட்டு பரிசும் பெற்றது. நாடு கடந்தும் போயிற்று. யாழ் என்றால் அருங்காட்சியகத்துப் பொருள் என்று எண்ணியிருந்த இளைஞர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

இங்கே ஒன்று கவனிக்கவேண்டும். பழமையைப் பழமையாகவே பெட்டியிலே பூட்டிவைக்க அவர் விரும்பவில்லை. யாழோடு மின்சாரக் கிதாரைச் சேர்த்தார். பொம்பார்ட் ஊதுபவருக்குப் பக்கத்திலே டிரம் அடிப்பவரை உட்காரவைத்தார். டான் ஆர் பிராஸ் என்ற கிதார்க்கலைஞர் அவர் பக்கத்திலே நின்றார். பாட்டியின் பாட்டை, ஆலைக்குப் போகும் பேரன் ஆடக்கூடிய பாட்டாக்கினார். மொழி வாழவேண்டுமானால் இளைஞன் வாயிலே வாழவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஒரு பிப்ரவரி இரவு

1972 பிப்ரவரி 28. பாரிசிலே ஒலிம்ப்பியா அரங்கம். பிரான்சிலே ஒரு பாடகர் அந்த மேடையை எட்டிவிட்டால், அதற்குமேல் உயரம் இல்லை என்பார்கள். அந்த மேடையிலே 28 வயது ஆலன் ஸ்டிவெல் யாழோடு வந்து அமர்ந்தார். அரங்கம் நிரம்பி வழிந்தது. அதைவிடப் பெரிய அரங்கம் வெளியே இருந்தது. யூரோப் 1 வானொலி நிகழ்ச்சியை நேராக ஒலிபரப்பியது. கேட்டவர்கள் 70 லட்சம் பேர் அளவிலே என்று கணக்குச் சொல்வார்கள்.

மூன்று இளம் மாலுமிகளைப் பற்றிய ஒரு நாட்டுப்பாட்டு. மீன்பிடி ஊர்களிலே எவர் இயற்றியது என்று தெரியாமல் வாய்க்கு வாய் வந்த பாட்டு. அது யாழ் நரம்பிலே தொடங்கி அரங்கத்திலே பரவியது. பின்பு ஆட்டப்பாட்டுக்கள் வந்தன. அன்று பாரிஸ் பட்டணம் புரியாத மொழியிலே ஒரு பாட்டைக் கேட்டுத் தாளம் போட்டது!

இப்போது நாம் பாரிசை விட்டு, பிரெத்தாஞ்சிலே ஒரு வீட்டு அடுப்பங்கரைக்குப் போவோம். வானொலிப் பெட்டி பாடுகிறது. பக்கத்திலே, சிறுவயதிலே கழுத்திலே மரச்செருப்பு சுமந்த ஒரு கிழவர். எந்தச் சொல்லுக்காக அவர் முட்டிபோட்டு நின்றாரோ, அந்தச் சொல் பட்டணத்து மேடையிலிருந்து வருகிறது, கைதட்டலோடு வருகிறது. அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அவர் பேரன் திரும்பி, தாத்தா, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறான். பல ஆண்டுகளாக அந்த வீட்டிலே எவரும் கேட்காத கேள்வி அது. இப்படி எத்தனை வீடுகளோ! பெக்காசீனுக்கு வாய் வந்துவிட்டது.

அந்த நிகழ்ச்சியின் இசைத்தட்டு 10 லட்சத்துக்கும் மேலே விற்றது. ஊருக்கு ஊர் இளைஞர்கள் யாழ் கற்றார்கள், குழல் ஊதினார்கள். கைகோத்து வட்டமாக ஆடும் இராக்கூத்து விழாவுக்கு ஃபெஸ்ட்நோஸ் என்று பெயர். ஒருவர் பாட, இன்னொருவர் கடைசி அடியைப் பிடித்துக்கொண்டு தொடரும் பாட்டுமுறை அதற்கு. 1950களிலே லோயிஸ் ரொப்பார்ஸ் போன்றோர் மீட்டெடுத்த அந்த விழா, 1970களிலே காட்டுத்தீ போலப் பரவியது. 2012இலே யுனெஸ்கோ அதை மானுட மரபுப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது.

ஆலை வாசலிலே

அதே 1972 மார்ச். பிரெத்தாஞ்சிலே சான்பிரியே ஊரிலே ஜுவான் பிரான்சே என்ற ரப்பர்ப் பொருள் தொழிற்சாலை. ஆயிரம் பேர் அளவிலே வேலை. அவர்களிலே பெண்கள் பெரும்பகுதி. பாரிஸ் பக்கத்திலே அதே நிறுவனத்தின் தொழிற்சாலையிலே கிடைக்கும் கூலி இவர்களுக்கு இல்லை. செய்யும் வேலை ஒன்று, கூலி குறைவு. ஏன்? பிரெத்தாஞ் ஆட்கள்தானே, குறைத்துக் கொடுத்தால் போதும் என்ற எண்ணந்தான்! தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். எட்டு வாரம் நீடித்தது. உழவர்கள் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரெத்தோன் பாடகர்கள் வந்து பாடி நிதி திரட்டித் தந்தார்கள்.

அந்தப் போராட்டத்தின்போது எடுத்த ஒரு புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. கலகத் தடுப்புப் போலீஸ்காரன் ஒருவனின் சட்டையைப் பற்றிக்கொண்டு ஒரு தொழிலாளி கண்ணீரும் ஆத்திரமுமாக நிற்கிறான். இருவரும் ஒரே பள்ளியிலே படித்த நண்பர்கள்! ஒருவன் வயிற்றுக்காக ஆலைக்குப் போனான். மற்றவன் வயிற்றுக்காகவே போலீசுக்குப் போனான். மே மாதத்திலே கூலி உயர்வு கிடைத்தது, தொழிலாளர் வென்றனர்.

பாட்டு வேறு, கூலி வேறு என்று எண்ணுவோருக்காக இதைச் சொல்கிறோம். உன் மொழி மட்டம் என்பவனும், உன் கூலி மட்டமாக இருந்தால் போதும் என்பவனும் ஒரே பள்ளியிலே பாடம் படித்தவர்கள். தன் பாட்டைத் தலைநிமிர்ந்து பாடக் கற்றவன், தன் கூலியையும் தலைநிமிர்ந்து கேட்பான்.

ஸ்டிவெலும் வெறும் ஆட்டப்பாட்டோடு நிற்கவில்லை. 1973இலே, பிரெத்தோன் மொழியே முன்னேறு என்று பொருள்படும் தலைப்பிலே, மொழி இல்லாமற்போனால் நாடே இல்லை என்று எச்சரிக்கும் பாட்டை, ராக் இசையிலே முழங்கினார். 1974இலே குடும்பத்தின் பூர்வீக வட்டாரத்து லாங்கொனே ஊரின் பெயராலேயே ஓர் இசைத்தட்டு தந்தார். மண்ணைப் பாடியவர் மண்ணுக்குள்ளேயே அடைபட்டும் கிடக்கவில்லை. 1998இலே வெளியிட்ட இசைத்தட்டிலே செனகல் நாட்டு யூசு நுதூரும் அல்ஜீரியாவின் காலிதும் அவரோடு பாடினார்கள். தன் மொழியை நேசிப்பவன் பிறமொழியை வெறுக்கவேண்டியதில்லை. சமமாக உட்காரவைத்தால் போதும். அதே 1998இலே, மாலுமிகளின் அந்தப் பழைய மெட்டு ஒரு பிரெஞ்சு ராப் பாட்டுக்குள்ளே புகுந்து நாடெங்கும் ஒலித்தது.

சட்டம் அசைந்ததா?

இத்தனையும் கேட்டபின், மொழி பிழைத்துக்கொண்டது, கதை சுபம் என்று எழுதிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் தோழர்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும்.

1951இலே ஒரு சட்டம் வந்தது. விரும்பினால் வாரத்துக்கு ஒருமணி நேரம் வட்டார மொழி கற்பிக்கலாம் என்ற அளவிலே பிச்சை. அது போதாது என்று கண்ட பெற்றோர், பாட்டு மூட்டிய கனல் அணையுமுன், 1977இலே லாம்போல் என்ற சிற்றூரிலே ஐந்து குழந்தைகளோடு தாங்களே பள்ளி திறந்தார்கள். திவான் என்று பெயர். முளை என்று பொருள். எல்லாப் பாடமும் பிரெத்தோன் மொழியிலே. முளை வளர்ந்தது. இன்று அந்தப் பள்ளிகளும், பிற இருமொழிப் பள்ளிகளும் சேர்ந்து 20,000 பிள்ளைகள் அளவிலே படிக்கிறார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? 1992இலே, குடியரசின் மொழி பிரெஞ்சு என்று அரசியல் சட்டத்திலே எழுதிவைத்தார்கள். அதைக் காட்டியே, 1999இலே சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அரசியல் சட்ட மன்றம் சொல்லிவிட்டது. 2008இலே, வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். மரபுச் செல்வம்! கேட்க இனிக்கிறது. பாழடைந்த கோட்டைக்கும் அந்தப் பட்டம் உண்டு. 2021 ஏப்ரலிலே, பெருவாரியான உறுப்பினர் ஆதரவோடு வட்டார மொழிகளுக்கான சட்டம் நாடாளுமன்றத்திலே நிறைவேறியது. மே 21இலே அரசியல் சட்ட மன்றம், எல்லாப் பாடமும் தாய்மொழியிலே என்ற முறையையே செல்லாது என்று அடித்துவிட்டது. குழந்தையின் பெயரிலே ஓர் எழுத்தின் மேல் பிரெத்தோன் முறைப்படி போடும் வளைகோட்டுக்கும் அனுமதி மறுத்தது. அந்தச் சிறு கோட்டுக்காகக் கம்பேர் ஊரிலே ஒரு பெற்றோர் 2017 முதல் வழக்குமன்றப் படியேறிப் போராடியவர்கள் என்றால், நம்புவீர்களா? வல்லரசுக்கு ஒரு வளைகோட்டைக் கண்டு என்ன அச்சமோ!

எண்ணிக்கையைப் பாருங்கள். 1950 அளவிலே பிரெத்தோன் பேசியவர்கள் 10 லட்சம் பேர். 2018இலே 2 லட்சம். 2024 கணக்கிலே 1,07,000. பேசுவோரிலே மிகப் பலர் முதியவர்கள். பள்ளியிலே முளைக்கும் நாற்றை விடவேகமாக, முற்றிய கதிர்கள் சாய்கின்றன.

அப்படியானால் பாடியது வீணா? ஒருபோதும் இல்லை. பாட்டு வெட்கத்தைத் துடைத்தது. அது எந்தச் சட்டத்தாலும் செய்யமுடியாத காரியம். தலைகுனிந்தவன் நிமிர்ந்தான். நிமிர்ந்தபின்தான் பள்ளி கேட்டான், பலகை கேட்டான், பெயரிலே வளைகோடு கேட்டான். ஆனால் நிமிர்ந்தவனுக்குப் பள்ளிக்கூடமும், அலுவலகமும், அந்த மொழியாலே வேலையும் சோறும் கிடைக்காவிட்டால், பாட்டு விழாமேடைக்கு மட்டுமே என்று ஆகிவிடும். யாழ் கதவைத் திறக்கும். வீட்டைக் கட்டுவது அரசியலின் வேலை. இதைத்தான் ஆலன் ஸ்டிவெலின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கைமாறும் கோல்

2014 மே 3. பாரிஸ் பக்கத்திலே பிரான்சின் தேசிய விளையாட்டரங்கம். நாட்டுக் கோப்பைக்கான கால்பந்து இறுதியாட்டம். மோதியவை இரண்டும் பிரெத்தாஞ் அணிகள்: ரென், கன்காம். ஆட்டத்துக்குமுன் 70 வயது ஸ்டிவெல் மைதானத்திலே நின்று, பிரெத்தாஞ்சின் நாட்டுப்பண்ணைப் பாடினார். வேல்ஸ் நாட்டுப்பண்ணுக்கும், கார்ன்வால் மக்கள் பாடும் பண்ணுக்கும் உரிய மெட்டும் அதுவேதான். மூன்று நிலம், மூன்று மொழி, ஒரே மெட்டு! கடல் பிரித்த உடன்பிறப்புகளை ஒரு மெட்டு சேர்த்துவைத்திருக்கிறது.

2008 முதல் பிரெத்தாஞ்சிலே ஓர் ஓட்டம் நடக்கிறது. ரெததேக் என்று பெயர். இரவு பகல் நிற்காமல் ஊர் ஊராகத் தொடர் ஓட்டம். ஒவ்வொரு கிலோமீட்டரையும் மக்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்தக் காசு மொழிப் பள்ளிகளுக்கும் மொழிப் பணிகளுக்கும் போகிறது. மீனவர் வாங்குகிறார், உழவர் வாங்குகிறார், சின்னஞ்சிறு கடைக்காரர் வாங்குகிறார். ஓடுபவர் கையிலே ஒரு கோல். அதற்குள்ளே பிரெத்தோன் மொழியிலே எழுதிய ஒரு செய்தி. கை மாறி, ஊர் மாறி, கோல் போய்க்கொண்டே இருக்கும். கடைசி ஊரிலேதான் பிரித்துப் படிப்பார்கள்.

ஒரு காலத்திலே அந்த மண்ணின் பிள்ளைகள், கழுத்துக்குக் கழுத்து மரச்செருப்பை மாற்றினார்கள். தண்டனைக்குப் பயந்து, தோழனைக் காட்டிக்கொடுத்து. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள், கைக்குக் கை ஒரு கோலை மாற்றுகிறார்கள். தோழனை நம்பி, தங்கள் மொழியைச் சுமந்து. இந்த இரண்டுக்கும் நடுவே, பாரிசிலே ஒரு வீட்டில், ஒரு தகப்பனார் மரம் இழைத்தார். 9 வயதுப் பையன் பார்த்துக்கொண்டு நின்றான்.